தட்டில் என் முகம்

நேற்று கள்ளக்குறிச்சியில் ஓர் ஓட்டல் சுவரில் பீங்கான் தட்டு ஒன்று மாட்டியிருந்தது. பார்த்ததும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

என் தாய்மாமா ஓவியர். நாங்கள் கச்சிராயபாளையத்தில் இருந்தபோது, ஒரு பீங்கான் கம்பெனி அலங்காரத் தட்டுகளுக்கு அவரிடம் படம் கேட்டது. சிறுமியான என் முகத்தைப் பாதி பச்சையும் பாதி நீலமுமாக வரைந்து கொடுத்தார். சுட்டு வந்த முதல் தட்டில் என் நெற்றியிலிருந்து தாடை வரை வெடிப்பு. அன்று மாலையே எனக்குக் காய்ச்சல் கொதித்தது. முகம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று பயந்து, இரு கைகளாலும் கன்னங்களைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

"எம்பொண்ண இன்னாடா பண்ணிவெச்ச?" என்று அம்மா அழுதாள்.

"சூளையில சூடு ஜாஸ்தியாயிடுச்சுக்கா, அவ்ளோதான்" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

காய்ச்சல் விட்டதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனிமே உன் மொகம் வேணாம் பாப்பா. என் மொகத்தையே வரைஞ்சிக்கினு இருக்கேன், பாரு" என்று, மீசையோடு சிரிக்கும் படத்தைக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் என் பயம் அதிகமானது. கம்பெனியிலிருந்து தட்டு வரும்போதெல்லாம் ஓடிப்போய் வைக்கோலை விலக்குவேன். மாமாவின் முகத்தில் வெடிப்பு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே, எதிரில் நிற்கும் அவரை நிமிர்ந்து பார்ப்பேன்.