பள்ளி வேனில் ஒரு ராஜா

அந்த ராஜாவுக்குப் பெயர் கிடையாது. அப்பா வைக்கவில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டினார் அப்பா. நெரிசலில் வண்டி நின்றால் அப்பா சொல்லும் கதையில் ராஜா வருவார். மழை பெய்தால் வெண்கொற்றக்குடையை மடக்கிவிட்டு ஊரோடு சேர்ந்து நனைகிற ராஜா. அவர் வந்தால் வேனில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் குதிரை ஏறுவான், போர் வெல்வான். இளையவன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, போருக்குப் போகிற வழியில் யானைக்கு ரம்புத்தான் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பான். மூத்தவன் நான், யாரும் சொல்லவேண்டியதில்லை. முதல் வகுப்புப் படித்த என் தம்பியும் காலணியை மாற்றித்தான் போடுவான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பிள்ளைகள் சிரிப்பதும் கேட்பதும் இளையவனைத்தான் என்று கண்டுபிடிக்கும்வரை. என் வெற்றிகளுக்குக் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு வாரம் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. நெரிசலில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தார்: நீ சொல்லு.

சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. தம்பி என்னை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான். இளையவன் ராஜாவின் பாலில் விஷம் கலந்தான் என்றேன். சிரித்துக்கொண்டே கலந்தான் என்றேன். அப்பா ஹார்னை அழுத்தினார், நீளமாக. முன்னால் நின்ற லாரிக்கு என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் தம்பி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "அவன்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்காத லா, விஷம் வச்சிருப்பான்," என்றாள் ஆறாம் வகுப்பு அக்கா ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும். தம்பி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு வாய் குடித்துக் காட்டினான்.

திங்கட்கிழமை அப்பாவுக்குக் குரல் திரும்பியது.

"அங்கிள், ராஜா பொழைச்சிட்டாரா? சின்னவன தூக்குல போட்டாங்களா?"

"சின்னவன் அப்படிலாம் செய்யமாட்டான்," என்று அப்பா தொடங்கினார்.

"அப்போ அண்ணன் சொன்னது பொய்யா, அங்கிள்?" என்றான் பின்சீட்டுப் பையன் ஒருவன். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியை. விளக்கு பச்சைக்கு மாறியும் வண்டி நகரவில்லை.

"ராஜா செத்துட்டாருப்பா," என்றார். "விஷத்துல இல்ல. வயசாச்சு, தூக்கத்துலயே போயிட்டாரு. கதை முடிஞ்சிச்சு."

ஒரு சிறுமி அழுதாள். தம்பி மட்டும் கேட்டான், "அப்போ யாரும் ஒன்னும் செய்யல தானே, அப்பா?"

"யாரும் ஒன்னும் செய்யலடா."

எனக்கு ஆத்திரம். அவ்வளவு நல்ல கதையைக் கெடுத்துவிட்டாரே என்று, பள்ளி வாசலில் அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனேன். அதன்பின் நெரிசலில் வண்டி நின்றால் அப்பா ரேடியோவைப் போட்டார்; யாரும் ராஜாவைக் கேட்கவில்லை.

யாரைக் காப்பாற்ற அந்த ராஜா சாகவேண்டியிருந்தது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தெரியவில்லை. தெரிந்த பிறகும், தம்பியைத்தான் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.