நான்காவது துண்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவியும் நானும் கடிதத்தில்தான் பேசிக்கொண்டோம். சிங்கப்பூரில் கிராஞ்சி தொழிலாளர் டார்மிட்டரி, ஓர் அறையில் பன்னிரண்டு பேர். அவர்கள் எதிரில் போனில் "சாப்பிட்டியா"வுக்கு மேல் எனக்கு வார்த்தை வராது. "மாமாவுக்கு லைன் நல்லாத்தான் இருக்கு, வாய்தான் கட் ஆகுது" என்று சிரிப்பார்கள். அதனால் அவள் நோட்டுத் தாளில் எழுதி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்து நான் பதில் எழுதுவேன்.

கொரோனா சமயத்தில் அவள் இறந்துபோனாள். டார்மிட்டரி கேட் பூட்டியிருந்தது, விமானமும் இல்லை. நான் போகவில்லை.

கேட் திறந்த பிறகு ஒரு நாள் தபாலில் தாமதமாகக் கருமாதிப் பத்திரிகை வந்தது. சாவுச் செய்தி வந்த தாளை எங்கள் பக்கம் வீட்டுக்குள் வைக்க மாட்டோம். பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம். கறுப்புக் கரையையும் அவள் பெயரையும் பார்த்தேன். பிரித்துப் படிக்கத் தைரியம் இல்லை. வாசலிலேயே நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மறுநாள் அவள் தம்பி போன் செய்தான்.

"மாமா, பத்திரிகைக்குள்ள அக்கா எழுதுன லெட்டர் வச்சிருந்தேனே, படிச்சீங்களா? சின்னத் தாளு. தலகாணிக்கு அடியில கெடந்துச்சு."

ஓடினேன். தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கடிதத்தின் மூன்று துண்டுகள் இருந்தன. நான்காவது இல்லை.

காய்ந்ததும் படிக்கலாம் என்று, கிழிந்த ஓரங்களை மட்டும் பார்த்து, சோற்றுக் கஞ்சி தடவி மூன்றையும் சேர்த்தேன். காய்வதற்குள் அறைக்கு யாரோ வரும் சத்தம் கேட்டது. வெட்கப்பட்டு அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டேன். மடித்தபடியே ஒட்டிக்கொண்டது. பிறகு பூசணம் வேறு பிடித்தது. தொட்டாலே உதிர்ந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் நான்கு வருடம் வைத்திருந்தேன்.

இப்போது ஏர்கான், அதாவது ஏசி, சர்வீஸ் வேலை. ஓர் ஆய்வுக்கூடத்தில் காகிதம் சோதிக்கும் அறைக்கு வாரம் ஒரு முறை போவேன். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் அதைக் குடித்துவிடுமாம். அங்கே வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒரு நாள் பாட்டில் ஒன்றைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே கற்றாழைச் சோறு போல ஏதோ வழிந்தது.

"இது மரம் அண்ணே. நம்ப மாட்டீங்க. மரத்தோட நாரைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பிரிச்சா இப்படி ஆயிடும். நானோசெல்லுலோஸ். பேப்பரும் அதே நாருதானே, நைஞ்ச பேப்பர்ல தடவுனா கெட்டியாப் புடிச்சுக்கும்."

கேட்க மூன்று வாரம் வாய் வரவில்லை. பிறகு, "ரூம்ல ஒருத்தரோட லெட்டர்" என்று நீட்டினேன்.

"கவலைப்படாதீங்க லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் சொன்னவர், முதலில் வேறொரு பழைய தாளில் செய்து பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் காட்டி என் கஞ்சியை எடுத்து, மடிப்பைப் பிரித்தார். பாட்டிலில் இருந்த அந்த மரக் கூழில் நிறையத் தண்ணீர் சேர்த்துத் தூரிகையால் தடவினார். கிழிசலின் மேல், அந்தக் கூழையே காயவைத்துச் செய்த, வெங்காயச் சருகை விட மெல்லிய படலத்தை ஒட்டினார்.

"நாலாவது துண்டு எங்க அண்ணே?"

"குப்பை வண்டில போயிடுச்சும்மா."

"யாரு கிழிச்சது?"

"அவரேதான்."

அவர் என்னைப் பார்க்காமல் தூரிகையைக் கழுவி வைத்தார்.

"இனிமே எத்தனை வாட்டி வேணாலும் எடுத்துப் படிக்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. ஆனா, இல்லாத எடத்துல நான் எதையும் வைக்க முடியாது."

"சொல்றேம்மா."

மேல்பாதியில் மிக்சி ரிப்பேர், அவளுடைய கால்வலி. கீழ்ப்பாதியில் எல்லா வரியும் நடுவிலேயே நிற்கிறது. கடைசி வரி இது: "வந்தா ஒன்னு கேப்பேன், மாட்டேன்னு சொல்லாம".

ஊரோடு வந்துவிடச் சொல்லியிருக்கலாம். போனில் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். ஒரு சேலையாகக்கூட இருக்கலாம். தாள் இப்போது விறைப்பாக இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், கிழியவில்லை. படிக்காமல் வைத்திருந்தவரை, அவள் சொல்ல வந்தது அந்த மூன்று துண்டிலேயே முடிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று லீவு போட்டு, பாசிர் ரிஸ் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். பக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்: "சரி. நீ என்ன கேட்டிருந்தாலும் சரி."

ஆடி அமாவாசை, 24 ஜூலை 2025, வியாழன்.