பீச்சாங்கைக்கு ஒரு மட்டை

கடைக்கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறியது ரப்பர் வாசம். கோலாலம்பூர் பக்கம் ரவாங்கில், வலை கட்டி கோல்ஃப் பந்தடித்துப் பழகும் இடத்தை ஒட்டிய சின்னக் கடை அது. சுவர் முழுக்க மட்டைகள், ஒவ்வொரு மட்டையின் பிடியிலும் புது ரப்பர். என்னோடு வந்த கயலுக்கு அது பொம்மைக்கடை வாசமாகத் தெரிந்திருக்கும். பால்மரத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அப்படியா? புகைவீட்டில் காயும் ரப்பர் ஷீட்டின் நாற்றம் ஒரு பக்கம், அப்பாவின் பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து வந்து நின்றன. டியூப் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கயல் என் மகள். ஆறு வயது. பாலர் பள்ளிக்குப் போகும் வழியில்தான் அந்த வலை இருக்கிறது. காரில் போகும்போது பார்ப்பாள். பந்து ஒன்று எழும்பி வலையில் மோதி விழும். அதற்கு ஒரு "ஆ" போடுவாள். ஆறு மாதம் "ஆ" போட்டாள். ஒருநாள், "எனக்கும் அடிக்கணும்மா" என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சொந்தபந்தத்துக்கு அது போதுமா?

செரண்டாவிலிருந்து தங்கை போன் போட்டாள். "ஏங்க்கா, நம்மளுக்கு எதுக்கு கோல்ஃபு? பரதம் போடு. இல்லாட்டி பேட்மிண்டன் போடு லா."

பேட்மிண்டன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அந்த "நம்மளுக்கு எதுக்கு" இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்தில் துரைமார் ஆடிய புல்லுக்கு உரம் போட்டது யார்? வெட்டியது யார்? மழையில் நனைந்துகொண்டு குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்தது யார்? எல்லாம் நம்மள்தானே! அந்தப் புல்லில் நம் பிள்ளை ஒரு பந்தடித்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? இப்படியெல்லாம் கேட்டு தங்கையைப் படுத்தி எடுத்தேன். பாவம், அவள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைக்கப் போயிருப்பாள்.

என் வீட்டுக்காரர் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். "வளர்ற புள்ள. ரெண்டு சைஸ் பெருசாவே எடு."

இது நம் குலவழக்கம், உங்களுக்கும் தெரியும். பள்ளிக் காலணி வாங்கினால் முனையில் பத்திரிகைத் தாளைத் திணித்துப் போடுகிற அளவுக்கு வாங்குவோம். பாவாடையை மூன்று மடிப்பு உள்ளே தைத்து வைப்போம். நான் சின்ன வயது முழுக்க அடுத்த வருஷத்துத் துணிக்குள்தான் வளர்ந்தேன். துணி என் அளவுக்கு வந்து சேர்ந்தபோது சாயம் போயிருக்கும்.

கடையில் இருந்தது நம் தமிழ்த் தம்பி ஒருவர். காதில் கடுக்கன், வாயில் சிரிப்பு. வீட்டுக்காரர் யோசனையைச் சொன்னதும் சிரிப்பு பெரிதாகிவிட்டது. "எல்லாரும் அதேதான்க்கா கேக்குறாங்க" என்றார். மட்டை பிள்ளையின் உயரத்துக்குத்தான் இருக்க வேண்டுமாம். நீளமாக இருந்தால் பிள்ளை பந்தைவிட்டு எட்டி நின்று துடுப்புப் போடும். கனமாக இருந்தால் மட்டைதான் பிள்ளையைச் சுழற்றும். தண்டு லேசாக வளைய வேண்டும், பிடி குட்டிக் கைக்குள் அடங்க வேண்டும். பெரியவர்கள் மட்டையை அறுத்துக் கொடுப்பது மகா தப்பு, நீளம்தான் குறையும், கனம் அப்படியே இருக்கும் என்றார். தூரமாக அடிக்க ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்றிரண்டு, குழியில் தள்ள ஒன்று. முதல் செட்டுக்கு அது போதும். மீதியெல்லாம் மூட்டை தூக்குகிற வேலைதான்.

அறுத்துக் கொடுப்பது மகா தப்பு என்று அவர் சொன்னதும் எனக்கு அப்பாவின் ஞாபகம்.

தம்பி ஒரு மட்டையை எடுத்துக் கயலிடம் நீட்டினார். சிவப்புப் பிடி. பக்கத்திலேயே அதற்கு ஜோடியாகச் சிவப்புப் பை. கயலின் கண் பையைவிட்டு அசையவில்லை. மட்டையை வாங்கி, காலை அகட்டி, பந்தில்லாத இடத்தில் நின்றாள். இடக்கை வாக்கில் நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. பென்சிலும் அந்தக் கைதான், கரண்டியும் அந்தக் கைதான். என் வீட்டில் அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது என் சட்டம்.

"அக்கா, பாப்பா லெஃப்டா?"

"ஆமா தம்பி."

"ஐயோ, கிட்ஸ்ல லெஃப்ட் ஸ்டாக் இல்லலா. யாரும் கேக்க மாட்டாங்க. ரைட்டே எடுத்துருங்க. சின்னப் புள்ளதானே, பழகிடும்."

நல்ல பிள்ளை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்தப் "பழகிடும்" எனக்குப் புதுசில்லை. முன்பு இதே பேச்சை வேறொருவர் வேறு தமிழில் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அசாம் ஜாவா ஊரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். அப்பா அங்கே லோரி ஓட்டினார். துரை பங்களாவுக்குப் பின்னால் மூன்றே குழிகொண்ட கோல்ஃப் திடல் ஒன்று இருந்தது. வெட்டி வைத்த வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஊர்போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு வந்த துரைக்கு மட்டையைக் கண்டாலே கொட்டாவி. ஆகவே ஆடுகள் மேய்ந்தன, குழிகளில் தவளை குடியேறியது. ஒருநாள் உத்தியோகஸ்தர் கிளப்பின் சாமான் அறையை ஒழித்துக் குப்பையை லோரியில் ஏற்றினார்கள். அதில் கிடந்த துருப்பிடித்த இரும்பு மட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது. என்னைச் சுவரோடு நிற்க வைத்து இடுப்பளவு பார்த்து, ரம்பத்தால் அறுத்தார். பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கீறிப் பிடியில் இறுக்கிச் சுற்றினார். பாதிக் கடப்பாரை ஒன்று தயார்! அதன் வாசம் கையில் ஒட்டினால் இரண்டு தரம் சோப்புப் போட்டாலும் போகாது.

நான் அதை இடக்கையால் வீசினேன். பிறந்ததே அப்படித்தான். அம்மாவுக்கு அது பெரிய வேதனை. சோத்தாங்கையால் சாப்பிடு, சோத்தாங்கையால் எழுது, சோத்தாங்கையால் திருநீறு வாங்கு. நாள் முழுக்க இதே பாட்டு. சாப்பாட்டு நேரத்தில், "பீச்சாங்கையத் தொடைக்கடியில வச்சு ஒக்காரு" என்பார். நானும் என் கைமேலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். எழுந்திருக்கும்போது கை மரத்துப்போய் எறும்பு ஊறும். போகிற வீட்டில் யாராவது பழித்துவிடுவார்கள் என்ற பயம் அம்மாவுக்கு. கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் திடலில் அந்தச் சட்டம் செல்லாது. முதல் நாளே பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். "சோறா திங்கப் போற? பந்துதானே. எந்தக் கையாலயும் அடி" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய அனுமதி அதுதான்.

அப்பா ஒப்புக்கொண்டார். மட்டை ஒப்புக்கொள்ளவில்லை. கோல்ஃப் மட்டைக்கு முகம் ஒரு பக்கம்தான், பின்பக்கம் முதுகு. துரையின் கைக்குச் செய்த மட்டை. இடக்கையால் வீசினால் முதுகு பட்டுப் பந்து புல்லில் உருளும். ஒரு வாரம் உருட்டினேன். ஒருநாள் எரிச்சலில் மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, மூக்கு மண்ணைப் பார்க்கப் பிடித்து வீசினேன். அப்போது முகம் பந்தின் பக்கம் வந்துவிட்டது. லாலான் புல்லுக்குள் பொறுக்கிய அந்தப் பழைய பந்து என்ன ஒரு பறப்பு பறந்தது! செம்பருத்தி வேலியைத் தாண்டி, பெரிய கிராணி வீட்டுத் தகரக் கூரையில் இறங்கியது. இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

பெரிய கிராணி என்றால் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆபீசே அவர் பேச்சில்தான் நடக்கும். கையில் பந்தோடு வெளியே வந்தார்.

"ஆர் அடிச்சது?"

அப்பா முன்னால் போய் நின்றார். "எம்மவதாங்கய்யா."

திட்டு விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை வீசிக் காட்டச் சொன்னார். வீசினேன். "இடக்கையோ! இவவுக்கு இந்த மட்டை சரிவராது. இடக்கைக்காரருக்கு எண்டு வேற மட்டை செய்யிறாங்கள். அது இஞ்ச கிடையாது. வலக்கையைப் பழக்கும். சின்னப் பிள்ளைதானே, பழகீடும்."

அப்பாவுக்குக் காதில் விழுந்தது "பழகீடும்". எனக்கு விழுந்தது அதற்கு முந்தினது. இடக்கைக்காரர்களுக்கென்று மட்டை செய்கிறார்களா! எங்கோ ஒரு பட்டறையில், யாரோ ஒருவர், என் கையைத் தப்பென்று நினைக்காமல் இரும்பு உருக்குகிறார். எட்டு வயதில் எனக்கு அது சாமி கண் திறந்த மாதிரி. அப்படியானால் இந்தக் கை பீச்சாங்கை மட்டுமில்லை. வரிசை வீடுகள் இருந்த எங்கள் லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

"அப்பா, அந்த மட்டை எங்க விக்கிது?"

"கோலாலம்பூர்ல இருக்கும்."

"வாங்கித் தருவீங்களா?"

"பாப்போம்" என்றார். தோட்டத்தில் "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அன்பாகச் சொல்கிற இல்லை. பிறகு தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்துகொண்டு ரவாங்குக்கு வந்தோம். அப்பா அந்தப் பாதிக் கடப்பாரையைப் பாம்படிக்க வைத்துக்கொண்டார். நான் பள்ளியிலும் வீட்டிலும் வலக்கைக்கு மாறினேன். எப்போது மாறினேன் என்று கேட்டால் தெரியாது. யாரும் அடித்து மாற்றவில்லை. நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அந்தக் கையை நானே கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் தொழிற்சாலைக் கூட்டத்தில் மேலாளர் பேசும்போது குனிந்து பார்த்தால், என் இடக்கை தொடைக்கடியில் கிடக்கும்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தம்பியிடம் நான் எப்படித் தலையாட்டுவேன்?

"வேணாம் தம்பி. லெஃப்டே ஆர்டர் போடுங்க."

"ரெண்டு மாசம் ஆகும்க்கா. அதுக்குள்ள பாப்பாவுக்கு ஆசையே போயிடும்."

"ஆசை போனா போகட்டும். கை போகக் கூடாது."

சொல்லிவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை அரை நிமிஷம் நிலைக்கவில்லை. கயல் சிவப்புப் பையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்றைக்கு இது இல்லை, இரண்டு மாதம் என்பது அவளுக்கு ஒரு யுகம். கண்ணில் தண்ணீர் தளும்ப, மட்டையை மறுபக்கம் மாற்றிப் பிடித்தாள். "அம்மா, பாருங்க, நான் ரைட்ல அடிக்கிறேன். எனக்கு இதே வேணும். நான் பழகிக்கிறேன்மா."

இப்படித்தான் கை போகிறது. யாரும் பிடுங்குவதில்லை. ஒரு சிவப்புப் பைக்காக, ஒரு தட்டுச் சோற்றுக்காக, ஒரு "நல்ல புள்ள"க்காக நாமே எடுத்து நீட்டுகிறோம்.

மட்டையை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தேன். கார் ஏறும்வரை அழுதாள், வீடு வரும்வரை அழுதாள். "நீங்க பேட் அம்மா" என்றாள். சரி, பேட் அம்மாதான். என் வாழ்க்கையில் வாங்கிய கெட்ட பெயர்களில் எனக்குப் பிடித்தது அது.

செட் வந்தது. நீலப் பை. சிவப்பு கிடைக்கவில்லை. அதற்கும் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது, விடுங்கள். வலைக்குள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். கயல் மட்டும் திரும்பி, அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் நின்று அடிக்கப் போட்ட பாயில் இருந்த சீனர் நிமிர்ந்து பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். முதல் பந்து உருண்டது, அடுத்ததும் உருண்டது. அப்புறம் ஒன்று எழும்பியது. பெரிய உயரமில்லை. ஆனால் மட்டையைத் தலைகீழாகப் பிடிக்காமல், முகத்தாலேயே அடித்த பந்து. நான் போட்ட கூச்சலில் தம்பி கடையைவிட்டு ஓடி வந்துவிட்டார்.

அவரிடம் ஆர்டர் போட்ட அன்றைக்கே நானும் இடக்கைதான் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். உள்ளே போய்ப் பெரியவர்களுக்கான இடக்கை மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்களும் அடிச்சுப் பாருங்கக்கா."

பெரிய கிராணி சொன்ன மட்டை. கடைசியில் என் கையில். நின்றேன், வீசினேன், காற்றுதான் பட்டது. மறுபடி வீசினேன். பாயைக் கீறியது. தோளுக்கு வழி தெரியவில்லை, மணிக்கட்டுக்கு நேரம் தெரியவில்லை. எட்டு வயதில் கிராணி வீட்டுக் கூரையை அதிர வைத்த கை, யாரோ இரவல் கொடுத்த கைபோல் தொங்கியது.

எங்கள் திடல் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள். லோரிகள் வரிசையாக நிற்கின்றன, வாசலில் காவலாளி பெயர் கேட்கிறார். லயம் இல்லை, செம்பருத்தி வேலி இல்லை. அப்பாவும் இல்லை. அவரை நினைத்து அழுதிருக்கிறேன். துரையின் புல்லுக்காக அழ மாட்டேன், அது போனால் போகட்டும். நான் தேடுவது ஒன்றைத்தான். அது தோட்டத்தோடு போகவில்லை. இத்தனை வருஷமும் என் தொடைக்கடியிலேயே இருந்து, அங்கேயே காணாமல் போயிருக்கிறது.

கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க எந்தக் கை?"

"லெஃப்ட்."

"அப்பறம் ஏன் பந்து போவல?"

இன்னொரு பந்தை வைத்துவிட்டு, இடக்கை வாக்கிலேயே நின்றேன்.