என் தங்கை உட்காரும் பக்கம்

அந்தச் சிவப்புக் காரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அடிபட்டு வருவதற்கு முன்பே பிடிக்கவில்லை. இரண்டே இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கூரை என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஏறி உட்காருவதென்றால் தரையில் சப்பணமிடுவதற்குக் குனிவது போலக் குனிய வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பங்சாரில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஆளுக்கு எதற்கு இது என்று என் தங்கையிடம் கேட்டேன்.

"அவரு ஸ்கூல் படிக்கிறப்பலேர்ந்து ஆசைப்பட்டதுண்ணே. வாங்கட்டும், விடு லா" என்றாள்.

அவளுடைய கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனிதர். வேலையிடத்தில் வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். கார் வந்த பிறகு முகத்தில் களை திரும்பியது. என் தங்கைக்கு அது போதும். கார் அல்ல, யானையைக் கொண்டுவந்து கட்டியிருந்தாலும் தீனி போட்டிருப்பாள்.

எனக்குக் கிள்ளானில் சின்னப் பட்டறை. அடிபட்ட கார்களை இழுத்து, தட்டி, நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் வேலை. இந்தத் தொழிலில் நாள்பட்டு இருந்தால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நசுங்கிய காரைப் பார்த்ததும் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனம் தானாக ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். நல்ல கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தாலும் எனக்கு இதே புத்திதான். என் மனைவி இதற்காகவே என்னை வெளியில் கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஒரு மழை நாளில் மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது ஃபெடரல் ஹைவேயில் கார் சறுக்கிச் சுழன்று, இடப்பக்கம் பாலத்தின் தூணில் போய் மோதியது. அவர் தனியாக இருந்தார். நெற்றியில் சின்னக் காயத்தோடு தப்பினார். லோரியிலிருந்து காரை என் பட்டறையில் இறக்கியபோது இடப்பக்கக் கதவு உள்ளே போய், பக்கத்து சீட் கியர் மேல் சாய்ந்து கிடந்தது. நம் நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம். இடப்பக்கம் உட்காருவது என் தங்கை. மற்ற நாளில் அவளை மஸ்ஜித் இந்தியா பக்கம் இருக்கும் அவள் வேலை பார்க்கும் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். அன்று அவள் லீவு. நான் அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் இதைச் சரி செய்ய முடியாது, டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளைதான் விடவில்லை. "உங்க கை பட்டா நேராயிடும் மச்சான்" என்றார். நான் முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை தனியாக ரயிலேறி கிள்ளானுக்கு வந்தாள். பட்டறையில் டயர் மேல் உட்கார்ந்து, "அவரு மறுபடியும் பேசாம ஆயிட்டாருண்ணே. சாப்பிட்டியான்னுகூட கேக்க மாட்டேங்கிறாரு. செஞ்சு குடுண்ணே" என்றாள். என் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், ஆனால் அவளிடம் மட்டும் அது எப்போதும் சீக்கிரம் இறங்கிவிடும். சரி என்றேன்.

காரை மேடையில் ஏற்றிக் கட்டி, சங்கிலி போட்டு இழுத்தேன். கதவுக்குக் கீழே, சீட்டை ஒட்டி, முன்னிருந்து பின்வரை ஓர் இரும்புப் பெட்டி நீளமாக ஓடும். பக்கத்திலிருந்து அடி விழுந்தால் அதைத் தாங்குவது அதுதான். அது உள்ளே வளைந்திருந்தது. இழுத்தேன், வந்தது. அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. புதுக் கதவு மாட்டினேன். சாயங்காலம் இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இருந்தது. மறுநாள் காலையில் வந்து திறந்தால் கதவின் கீழ் மூலை உரசியது. யாரும் தொடவில்லை, பட்டறை பூட்டியிருந்தது. மறுபடியும் சரி செய்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் உரசியது. இழுக்கப்பட்ட இரும்பு, மேடையை விட்டு இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகும், அது எனக்குத் தெரியும். ஆனால் இது போகப் போக நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தக் கார் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிக்கக்கூட மனம் வராது. பிறகு உரசல் நின்றது. சக்கரங்களை நேராக்கும் இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன், சரி என்றார்கள். பெயிண்ட் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே ஒருவேளை நாம்தான் பயந்து சாகிறோமோ என்று ஒரு நினைப்பு வந்தது.

எங்கள் சந்தின் முனையில் ஒரு முனியாண்டி கோவில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு அரிவாள், சாமிக்குச் சுருட்டு. கிள்ளானில் பாதி லோரி அங்கேதான் பூசை போடும். மற்ற கோவில்களில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எங்கள் பூசாரி முன் சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வைப்பார். முன் சக்கரம் நசுக்கிய பழத்தின் மேலேயே பின் சக்கரமும் ஏறி அரைக்க வேண்டும், மிச்சம் இருக்கக் கூடாது என்பது அவருடைய வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா ஈப்போவில் இருக்கிறார். பூசை முடிந்த கையோடு இருவரும் அந்தக் காரிலேயே ஈப்போ போவதாக ஏற்பாடு. தங்கை ஒரு குட்டித் தலையணையை இடப்பக்க சீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

பூசாரி கோவில் முன்னால் மஞ்சள் தண்ணீரை வாளியோடு கொட்டினார். பழங்களை வைத்தார். வலப்பக்கத்துப் பழம் டயரின் வெளி ஓரமாகப் போய்விட்டது, அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். மாப்பிள்ளை காரை மெதுவாக முன்னால் விட்டார். முன் சக்கரம் இரண்டு பழத்தையும் நசுக்கியது. இடப்பக்கப் பின் சக்கரம் ஏறி அரைத்தது. வலப்பக்கப் பின் சக்கரம் பழத்தைத் தொடாமல் உள்பக்கமாகப் போய்விட்டது.

"மிச்சம் நிக்கிது" என்றார் பூசாரி. "யாரோ கண்ணு வச்சிருக்காங்க. பின்னாடி எடுங்க, வேற பழம் வைப்போம்."

மாப்பிள்ளை பின்னால் எடுத்தார். பூசாரி புதுப் பழத்தை இந்த முறை நன்றாக உள்ளே தள்ளி வைத்தார். இரண்டு சக்கரமும் ஏறின. "ஐயா ஏத்துக்கிட்டாரு" என்று சொல்லிச் சூடம் காட்டினார். தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோர் முகத்திலும் நிம்மதி.

நான் சூடத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமான சக்கரங்கள் காய்ந்த சிமெண்டில் தடம் போட்டிருந்தன. நேராகப் போகும் காரில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போக வேண்டும். பின்பக்கம் அகலமான கார் என்றால் இருபுறமும் ஒரே அளவு விலகும். இங்கே இரண்டு பின் தடமும் இடப்பக்கமாகவே இரண்டு விரல்கடை விலகியிருந்தன. தெருநாய் ஓடும்போது உடம்பு ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகுமே, அப்படி. முன் பாதி ஒரு பக்கமும் பின் பாதி ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த கார் அது. ஹைவேயில் வேகத்தில் போய், மழையில் ஒரு பிரேக் பிடித்தால் மறுபடியும் சுழலும். இழுத்துச் சோர்ந்துபோன இடப்பக்கம் இரண்டாவது அடியைத் தாங்காது.

"மாப்பிள்ளை, இன்னிக்குப் போக வேணாம். பின்னாடி நேரா இல்ல. இங்க பாருங்க, தடம்."

அவர் திருநீற்றோடு வந்து குனிந்து பார்த்தார். கிள்ளான் வெயிலில் சிமெண்டு அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

"எங்க மச்சான்? ஒண்ணும் இல்லையே."

"இன்னொரு வாளி தண்ணி ஊத்துங்க. காரைப் பின்னாடி எடுத்து மறுபடி விடுங்க. நானே காட்டுறேன்."

"அண்ணே!" என்றாள் தங்கை. "சூடம் காட்டியாச்சு. இனி பின்னாடி எடுக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

பூசாரியும் தலையாட்டினார். பூசை முடிந்த வண்டி முன்னால்தான் போக வேண்டும், பின்வாங்கினால் வேண்டுதல் திரும்பிவிடும். எங்கள் ஆட்களில் இதை மீறுகிறவரை நான் பார்த்ததில்லை. எவ்வளவோ சொன்னேன். திருஷ்டி கழிந்துவிட்டது என்றார் மாப்பிள்ளை. பழம் அரைபட்டதை எல்லோரும்தானே பார்த்தோம் என்றார்.

சாவியைப் பிடுங்கி வைத்தால் அவர்கள் வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறது. காரையே ஓடாமல் செய்தால்தான் உண்டு. "பிரேக் கொஞ்சம் சத்தம் போடுது, பார்த்துட்டுத் தரேன்" என்று சொல்லி காரில் ஏறினேன். பின்னால் எடுக்கக் கூடாதென்றால் எடுக்கவில்லை. முன்னாலேயே ஓட்டி, அடுத்த சந்தில் திரும்பி, பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் கொண்டுபோனேன். ஷட்டரை இழுத்துவிட்டேன். இரும்பு வெட்டும் மெஷினை எடுத்து, இடக் கதவுக்குக் கீழே, நானே அடித்த பெயிண்ட் மேலேயே வைத்து அடி தாங்கும் அந்த நீளப் பெட்டியைக் குறுக்காக அறுத்தேன். பொறி என் முகம் வரை பறந்தது. வெளியே ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் அறுத்துவிட்டுத்தான் திறந்தேன்.

மாப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. மண்டியிட்டு, வெட்டிய இடத்தைத் தொட்டார், சூடு பட்டு விரலை எடுத்துக்கொண்டார். நான் டார்ச் அடித்து உள்ளே காட்ட நினைத்தேன். விரிசலோ மடிப்போ ஏதாவது இருக்கும், அதைக் காட்டினால் புரியும் என்று நம்பினேன். உள்ளே இரும்பு சுத்தமாகப் பளபளவென்று இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"நல்லா இருந்த காரு" என்றாள் தங்கை. "உனக்கு என்னண்ணே, பொறாமையா? அவரு சிரிச்சா உனக்குப் பொறுக்கலையா?"

அந்த வார்த்தை இன்னும் என்னுள்ளே கிடக்கிறது. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். பதிலுக்குக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மறுநாள் ஒரு லோரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. பேசாவிட்டால் போகிறாள், உயிரோடு இருக்கிறாளே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். டெங்கில் பக்கம் யாரோ ஒருவர் அந்தக் காரை ஒட்டிக் கொடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னபோது அந்தத் தேறுதலும் போயிற்று. வெட்டிய இரும்பை வெல்டிங் வைத்து ஒட்டினால் பழைய பலம் வராது. நன்றாக ஒட்டினாலும் வராது. இப்போது அந்தக் காரில் தூண் செய்த கேடு ஒன்று, நான் செய்த வெட்டு ஒன்று. வெட்டு சரியாக அவள் உட்காரும் இடத்துக்குக் கீழே. போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருந்தது. மழை பெய்தால் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பேன். மனைவி என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கலாமா என்று கேட்டாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. தங்கை இறங்கினாள், கையில் பழப் பை. "ஈப்போவுக்குப் போறோம்ண்ணே. போற வழியில உன்னைப் பார்த்துட்டுப் போலாம்னு" என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஈப்போ போகிறவர்களுக்குக் கிள்ளான் வழியில் இல்லை. என்னைப் பார்க்கவே வந்திருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். முன்பு இருந்த அதே சிரிப்பு.

சாப்பிட்டு முடித்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாண்ணே, நீயே ஒரு ரவுண்டு உட்கார்ந்து பாரு. அப்பத்தான் உனக்கு பயம் தெளியும்." நான் குனிந்து அவளுடைய சீட்டில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் குட்டித் தலையணை. மாப்பிள்ளை பெரிய ரோடு வரை போய்த் திரும்பினார். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய கைகளைப் பார்த்தேன். நேரான ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பியே பிடித்திருந்தார். அவருக்கு அது பழகிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் என் சீட்டுக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம். அவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

வாசலில் வந்து நின்றதும் தங்கை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வடக்கே, ஈப்போ பக்கம், வானம் கறுத்திருந்தது.

"எப்படிண்ணே, சரியா இருக்குல்ல?"

இல்லை என்று சொன்னால் மறுபடியும் அவளை இழப்பேன், அப்படியும் அவள் இந்தக் காரில்தான் போவாள். சரி என்று சொன்னால் சிரித்துக்கொண்டு போவாள்.

"நான் மாப்பிள்ளைகூட ஈப்போ வரைக்கும் போறேன். நீ பஸ்ல வா" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். "சரி சரி, எறங்குண்ணே, மழை வரப் போகுது" என்று என் தோளைத் தட்டினாள்.

நான் பெல்ட்டைக் கழற்றவில்லை. இருக்கிறது இரண்டே சீட்டு. இதில் நான் உட்கார்ந்திருக்கும்வரை அவள் உட்கார முடியாது.