அப்பா பெயரில் வந்த கார்டு

கம்பெனி கிரெடிட் கார்டை யாராவது பெருமையாகப் பர்ஸிலிருந்து உருவினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அதில் கம்பெனியின் பெயர் ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் புடைத்துக்கொண்டு நிற்பது வேலை பார்க்கிறவரின் பெயர். பணம் கட்டத் தவறினால் பேங்க் தேடிக்கொண்டு வருவது அந்தப் புடைத்த பெயரைத்தான். இது யாரோ சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. புனேயில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அந்தக் கார்டுகளை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆபீஸ் மகர்பட்டாவில். நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். அம்மாவும் நானும் ஔந்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் குடியிருந்தோம். அப்பா கோயம்புத்தூரில் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டார். அக்கா கல்யாணமாகி அந்த ஊரிலேயே இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவாள்.

வெளியூர் போகிற இன்ஜினியர்களுக்கு ரொக்கமாக முன்பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கார்டு கொடுக்கச் சொன்னார்கள். படிவம் வாங்குவது, கையெழுத்து வாங்குவது, கார்டு வந்ததும் கொடுப்பது, மாதா மாதம் பில்களைச் சேர்த்து நிதித் தலைவரிடம் வைப்பது எல்லாம் என் வேலை. அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி பேங்குக்குப் பணம் அனுப்பும். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: கம்பெனி கட்டினாலும் கட்டாவிட்டாலும் பொறுப்பு கார்டுக்காரருடையது. விவரமான பையன்கள் சிலர் அந்த வரியில் விரலை வைத்து, "இது என்ன சார்?" என்று கேட்டார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிப்பா, போடு" என்றேன். கேட்ட ஒவ்வொருவனிடமும் அதையே சொன்னேன்.

அதே படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். மராத்திக்காரர்களுக்கு அது ஒரு நொடி வேலை. நமக்கு ஏது சர்நேம்? பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, அதோடு சரி. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். சென்னை, கோயம்புத்தூர்ப் பையன்களின் படிவங்கள் மொத்தமும் திரும்பி வந்தன. இனிஷியலை எழுதி அனுப்பினேன், அதுவும் வந்தது. மூன்றாம் முறை, "அப்பா பேரை எழுதித் தொலைங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். என் படிவத்திலும் அப்படியே எழுதினேன். பேங்க் கம்ப்யூட்டருக்குப் பரம திருப்தி.

கார்டு வந்தது. அதில் என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாவின் பெயர் முழுசாக நின்றது. அப்பாவுக்கு நான் இனிஷியல் ஆகிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். வெள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, உதடு மட்டும் அசையப் படித்தாள். சத்தமாகச் சொல்லவில்லை. அப்பா பெயரை அவள் வாயால் நான் கேட்டதே கிடையாது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள்.

"ஒரு நாள் சாமிகிட்ட இருக்கட்டும், கண்ணு" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்குக் புனேயின் கேம்ப் பகுதியில் ஹோட்டல் அறை எடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. எல்லாம் என் கார்டில். பில்களை அடுக்கிப் பின் குத்தி நிதித் தலைவரின் மேஜையில் வைப்பேன். அவர் சென்னைக்காரர், நல்ல படிப்பாளி, சிரித்த முகம். முதல் சில மாதங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கட்டு மேஜையிலேயே கிடக்க ஆரம்பித்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம்.

"சார், பேங்க்ல அபராத வட்டி போடறாங்க" என்றேன்.

"கார்டு அவங்கவங்க பேர்லதானேப்பா இருக்கு? கம்பெனிக்கு என்ன? பணம் நம்மகிட்ட கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அபராத வட்டியைக் கம்பெனி தராது என்று விதிமுறைத் தாளில் ஏற்கெனவே இருந்தது. அதை டைப் அடித்தவனும் நான்தான்.

பேங்குக்காக வசூல் செய்கிற ஆட்கள் முதலில் என் செல்போனுக்குத்தான் கூப்பிட்டார்கள். கம்பெனி கட்டும் என்றேன். அவர்களுக்கா தெரியாது, ஆபீஸில் இருக்கிறவனிடம் கத்தினால் வேலை நடக்காது என்று? படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த வீட்டு நம்பருக்குப் பகல் வேளையில் போன் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பாவக் கேட்டு ஒருத்தன் போன் பண்றான், கண்ணு. பேரு சொல்லிக் கேக்கறான். நானு 'வோ நஹி ஹை'ன்னேன். எப்ப வருவாருன்னு கேக்கறான்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது, கார்டில் முழுசாக இருக்கிற பெயரைத்தான் அவன் கேட்கிறான். நம் ஊரில் 'அவர் இல்லை' என்று ஒரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னால், கேட்டவன் மேலே பேச மாட்டான். அதைத்தான் அம்மா இந்தியில் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அது வீட்டில் ஒளிந்திருக்கிறவனைக் காப்பாற்றுகிற பேச்சு. அடுத்த நாளும் கூப்பிட்டான். அதற்கடுத்த நாளும்.

பேங்குக்குப் போன் செய்து, அது என் அப்பாவின் பெயர், அவர் உயிரோடு இல்லை என்று விளக்கினேன். அந்தப் பக்கம் இருந்த பெண், அப்படியானால் இறந்தவரின் கார்டை உபயோகிப்பது யார், இறப்புச் சான்றிதழ் அனுப்புங்கள் என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். நிதித் தலைவரிடம் போய்ச் சொன்னேன். தமிழ் மனுஷர், இதாவது உறைக்கும் என்று நினைத்தேன்.

"அடடா. லேண்ட்லைன் ஒயரைக் கொஞ்ச நாள் பிடுங்கி வைங்களேன்" என்றார்.

அந்த இடத்திலேயே அவர் மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அம்மாவின் இந்தி, வீட்டு வேலைக்கு வந்த பாயியிடமும் வாசலில் வந்த காய்கறிக்காரனிடமும் பொறுக்கியது. எவ்வளவுக்குக் கித்னா, வேண்டாமுக்கு நஹி சாஹியே, நாளைக்கு வாவுக்குக் கல் ஆனா, இப்படி ஒரு கை நிறைய வார்த்தைகள். அந்த மாதம் எங்கள் பால்கனியில் ஒரு புறா செத்துக் கிடந்தது. பாயி அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "கபூதர் மர் கயா, ஆயி" என்றாள். மர் கயா என்றால் செத்துப்போச்சு என்று அம்மா அந்த வார்த்தையையும் பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நுரையோடு வெளியே வருவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். அந்த ஆளின் கத்தல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. பொய் சொல்கிறாய், கூப்பிடு அவனை, இது யார் வீடு, பெயரைச் சொல் என்று அதட்டினான். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தியிருந்தாள், அப்பா இருந்த காலத்தில் அவர் வீட்டுக்குள் வரும்போது செய்ததைப் போல. நான் ரிசீவரைப் பிடுங்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், தெளிவாக. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு அடுத்து, சாவுக்குத் தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையைச் சேர்த்தாள்.

"மர் கயா."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து பீன்ஸ் நறுக்கினாள். அவளைப் பேச வைத்த அந்த ஆளைவிட, மேஜையில் பில் கட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தவர் மேல்தான் எனக்குக் கொலைவெறி. அதற்கு மேல் என் மீதே.

திங்கட்கிழமை ஒவ்வொரு மேஜையாகப் போய் எல்லோருடைய கார்டுகளையும் வாங்கினேன். காரணத்தையும் மூன்றாம் பக்கத்து வரிக்கு அர்த்தத்தையும் இந்த முறை ஒளிக்காமல் சொன்னேன். ஒருவன்கூடத் தர மறுக்கவில்லை. அத்தனையையும் நிதித் தலைவர் மேஜையில் கொட்டி, "பேங்குக்குப் பணம் போற வரைக்கும் யாரும் வெளியூர் போக மாட்டாங்க சார். என் வேலை போனாலும் சரி" என்றேன். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா பில் கட்டுகளிலும் கையெழுத்து விழுந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் மூன்று மாதம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இனிமே அந்தப் போன் வராதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "ஏங்கண்ணு, மருவாதையாச் சொல்றதுக்கு அவங்க பாசையில என்ன வார்த்தை?" என்று கேட்டாள். "அன்னைக்குப் பொறாவுக்குச் சொல்றாப்பல சொல்லிப்போட்டேன்."

"குஜர் கயே."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன், அதைப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

பேங்கிலிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா கூப்பிட்ட நேரத்தில் நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அம்மா எழுந்து நின்றாள். முந்தானையைப் போர்த்திக்கொண்டு, அந்தத் தாளை ஒரு முறை படித்துவிட்டு, அப்புறம்தான் போனை எடுத்தாள்.