சாமான் கப்பலில், ஆள் பினாங்கில்

என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி. அந்தத் தடத்தில் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், யாருக்கு மூட்டு வலி, யாருக்கு வாய் நீளம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் விழிப்பார். ஊருக்கெல்லாம் விசேஷம் என்றால் டிரைவருக்கு ஸ்பெஷல் டியூட்டி. எங்கள் ஒரே மகள் டயானாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவர் வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தார். அவள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை எடுத்து புதுநன்மை வாங்கிய அன்று தேர்தல் டியூட்டி. கல்யாணத்துக்கு வந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்று டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு நடை ஓட்டி முடித்து, தாலி கட்டியான பிறகு, பந்தியில் பாயசம் தீரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

டயானா இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் நர்ஸ். அங்கே பேரன் ஜெஸ்வின் பிறந்ததும் இவர் ஒரே பிடியாக நின்றார். "இவன் ஞானஸ்நானத்துக்கும் நான் இல்லாமப் போனா, அப்பன்னு சொல்லிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு டீச்சரு?" என்றார். நான் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ரஞ்சிதா என்று பெயர் இருந்தும் வீட்டிலும் டீச்சர்தான்.

ஆனால் புழுதியும் டீசல் புகையும் குடித்த அவர் நுரையீரலில் ஒரு காற்றுக்குமிழி இருக்கிறது. விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டயானா விடவில்லை. கொச்சியில் ஏறினால் ஊர் ஊராக நின்று நாற்பத்தோராம் நாள் பெர்த்துக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறக்கிவிடும் ஒரு சுற்றுலாக் கப்பலில் இடம் போட்டாள். இறங்கிய மறுநாள் ஞானஸ்நானம்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்வது என்று நாற்பது பக்கம். மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைப்பது, பாஸ்போர்ட்டுக்கு மூன்று நகல், வாந்திக்கு இஞ்சி மிட்டாய், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம். எழுதியதெல்லாம் வந்தது. முதல் வாரம் கடல் ஆடிய ஆட்டத்தில் நான் படுத்தே கிடந்தேன். கொழும்பில் காற்றால் கப்பல் உள்ளே போக முடியாமல் அந்த ஊரையே தாண்டிப் போனோம். பிறகு கப்பலில் வயிற்றுக் கோளாறு பரவி, எங்களை நாலு நாள் அறைக்குள் அடைத்துப் போட்டார்கள். நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றையும் சமாளித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரே ஓர் ஆபத்தை எழுத மறந்திருந்தேன். அது என் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த இடம் நம்முடையது. பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கலாம். டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் "இது யாரு பையி?" என்று சத்தம் போடுவார், ஆள் வரும்வரை வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். இவரும் ஆயுசு முழுக்க அப்படித்தான் நின்றார். சாமான் உள்ளே இருந்தால் ஆளும் உள்ளே இருக்கிற மாதிரி. கப்பலிலும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டார். மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் துண்டைக் காணோம், நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் படுத்திருந்தார். அரை மணிக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் ஊழியர்கள் எடுத்துவிடுவார்களாம். "மனுச மக்களா இவுங்க?" என்று இரண்டு நாள் பொருமினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பினாங்கில் கப்பல் காலையில் நின்றது. பகல் பன்னிரண்டரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், ஒரு மணிக்குப் புறப்பாடு. எனக்கு முட்டி வலி. அவர் மட்டும் நம் ஆட்கள் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். அவருடைய கைப்பேசி கப்பலின் வைஃபையில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஒலிபெருக்கியில் அவர் பெயரை ஏலம் போட்டார்கள். மூன்று தடவை. நான் முட்டி வலியை மறந்து வாசலுக்கு ஓடினேன். அங்கே ஓர் அதிகாரி எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்திருந்தார். "உங்கள் கணவருடையதைக் கரையில் எங்கள் ஏஜென்டிடம் கொடுத்துவிடுவோம். நீங்கள் பயணத்தைத் தொடரலாம்" என்றார், மிக மரியாதையாக.

"அவர் சாமானெல்லாம் உள்ளே இருக்கிறதே!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினால் புத்தியும் ஒட்டிக்கொள்ளும் போல.

நானும் இறங்குவதானால் மூன்று நிமிஷம்தான் என்றார்கள். அவர் மூச்சுக்கு இழுக்கும் மருந்து அறையில் இருந்தது. அதையும் மாத்திரைப் பையையும் அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். யோசித்தெல்லாம் இறங்கவில்லை. அவர் இல்லாமல் நான் மட்டும் போய் டயானா முகத்தில் எப்படி முழிப்பேன்?

படியை இழுத்தார்கள். கப்பல் கரையை விட்டு விலகியது. அப்போது வருகிறார் எங்கள் வீட்டுத் துரை, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு, ஆடி அசைந்து. கூடவே ஒரு மனிதர். கப்பல் நகர்வதைப் பார்த்ததும் இவர் ஓட்டமாக ஓடி வந்து, வலது கையை நீட்டி, பஸ்ஸை நிறுத்துவது போல நிறுத்தினார். பத்து மாடிக் கப்பலை! மேலே நின்றிருந்த பயணிகள், வழியனுப்ப வந்தவர் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள்.

"என்ன டீச்சரு, போயிட்டான்? நம்ம பெட்டியெல்லாம் உள்ள இருக்கே!"

பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படித் திட்டியதில்லை. அவருடைய ஊர், குலம், பஸ் டிப்போ ஒன்று விடாமல் திட்டினேன். அவர் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். "அப்ப இந்த ஞானஸ்நானமும் போச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏஜென்ட் நல்ல தமிழ்ப் பையன். நாளைக் காலை கப்பல் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும், இதே நாட்டுக்குள்தான், விமானத்தில் போனால் ஒரு மணி நேரம், தினமும் யாராவது இப்படி மாட்டிக்கொள்வார்கள் என்று தேற்றினார். விமானம் ஆகாது என்று நான் இவர் நுரையீரலைப் பற்றிச் சொன்னதும் ஏஜென்டும் தலையைச் சொறிந்தார்.

என் வீட்டுக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார். "தம்பி, அங்கிட்டு பஸ்ஸு போகுதா?"

"போகுதுங்க. அஞ்சு மணி நேரம் ஆகும்."

"அஞ்சு மணி நேரமா? அட, அது ஒரு நடைதானப்பா!" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். கொச்சியில் ஏறியதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை.

கூட வந்த மனிதர் ஆத்மநாதன். கறம்பக்குடிக்காரர், பினாங்கில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் இவர் பஸ்ஸில் போனவராம். பேச்சில் நேரம் போனதற்கு அவரும் பாதிக் காரணம். "என்னாலதான அக்கா இவ்வளவும்? வாங்க, நானே கொண்டுபோயி ஏத்திவிடுறேன்" என்று காரில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கிள்ளானில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு, ராத்தங்க இடமும் சொல்லிவிட்டார்.

அந்தப் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் போனதே இல்லை. அவர் எப்போதும் முன்னால் ஸ்டியரிங்கில், நான் எங்கேயோ பின்னால் மகளிர் சீட்டில். இப்போது ஜன்னலோரம் நான், என் தோளை இடித்துக்கொண்டு அவர். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் வலது கால் தரையை மிதித்தது. "கைய நல்லா வச்சிருக்கான் பய" என்று சான்றிதழ் வேறு. ஆத்மநாதன் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

நடுவில் ஓர் இடத்தில் டீக்கு நிறுத்தினார்கள். பிறகு வண்டியைக் கிளப்பியபோது முன்சீட்டு சீனப் பாட்டி வந்திருக்கவில்லை. அவர் பை மட்டும் இருந்தது. இவர் பாய்ந்து போய்ப் படியில் நின்றுகொண்டார். பாஷை தெரியாது. பையைக் காட்டினார், கழிப்பறைப் பக்கம் காட்டினார், கை கூப்பினார். டிரைவர் சிரித்துவிட்டு இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பாட்டி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார். இவர் வழக்கில் ஜெயித்தவர் மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா?"

"இது பஸ்ஸுங்க."

"அதத்தான நானும் சொல்றேன்!"

மறுநாள் காலை துறைமுகத்தில் கப்பலுக்கு முன்னால் நாங்கள் நின்றோம். அதே அதிகாரி படியிறங்கி வந்து எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இவர் கரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறிக்கொண்டு, தாமதமாக வருகிறவர்களை மேலிருந்து அதட்டுவார். பாதிக் கப்பலுக்கு அவர் பெயர் தெரிந்துவிட்டது.

நாற்பத்தோராம் நாள் கரை தெரிந்தது. டயானா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பினாங்கு விவகாரத்தை நான் முன்பே போனில் சொல்லியிருந்தேன். அப்பாவை ஒரு பிடி பிடிக்கப் போகிறாள் என்று பார்த்தால், அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"வந்துட்டீங்களாப்பா?" என்றாள்.

"வந்துட்டேன் தாயி" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூசை. எட்டரைக்கே இவர் வெள்ளை வேட்டி சட்டையில், பூட்டிய கோயில் வாசலில் போய் நின்றுவிட்டார். கதவைத் திறக்க வந்த சாமியாரே இவருக்குப் பிறகுதான் வந்தார். தலையில் தண்ணீர் பட்டதும் ஜெஸ்வின் வீறிட்டான். இவர் அவனைவிடச் சத்தமாக அழுதார். டயானா ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பூசை முடிகிறவரைக்கும்.