வெட்டாமல் விட்ட கிளை

சவுக்கு மரத்தடியில் குந்திக்கொண்டு, உதிர்ந்து கிடக்கும் காய்ச் சிதறல்களைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறார் க்ளெம் பாஸ்கோம். ஈரம் தட்டினால் முகம் மலர்ந்துவிடும். “மாப்பிள்ளை இப்பத்தான் சாப்பிட்டுப் போயிருக்காரு.”

மாப்பிள்ளை என்பது ஓர் ஆண் காக்கட்டூ கிளி. உடல் கறுப்பு, வாலில் சிவப்புப் பட்டை. சவுக்கங்காயைத் தவிர வேறெதையும் ஏறெடுத்தும் பாராத இனம். ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் ஆடு வளர்க்கும் க்ளெம், தம் வேலிக்குள் கூடு வைத்திருக்கும் அந்த ஜோடியைச் சம்பந்தி வீட்டாரைப் போல மதிப்பவர். அடைகாக்கும் பெட்டைக்கு ஊட்ட மாலைதோறும் ஆண் வந்து குரல் கொடுக்கும். பெட்டை பொந்திலிருந்து வெளிவரும். அதைப் பார்க்கும்வரை க்ளெம் தேநீரைத் தொடமாட்டார்.

பருவத்துக்கு ஒரே முட்டை. அதைத் திருடும் பாஸம் என்னும் மரமேறி விலங்கு ஏறாதபடி, பொந்துள்ள யூகலிப்டஸ் மரங்களின் இடுப்பில் வழவழப்பான தகரம் சுற்றுவது தீவின் வழக்கம். பக்கத்து மரக்கிளை எதுவும் தொடாமல் தறித்துவிடவும் வேண்டும். க்ளெம் தகரத்தை ஒழுங்காகவே சுற்றினார். ஆனால் யூகலிப்டஸை உரசி நின்றது, காய்கள் குலுங்கும் ஒரு சவுக்கங்கிளை. வாலிபத்தில், மேய்ச்சலுக்காக அந்தச் சரிவின் சவுக்குகளையெல்லாம் டிராக்டரில் சங்கிலி பூட்டிச் சாய்த்தவர் அவர். இப்போது சவுக்கின்மேல் ரம்பம் வைக்கக் கை வருவதில்லை.

“அந்தக் கிளைய வெட்டித் தொலையேம்ப்பா,” என்றாள், தகரம் சுற்றிய அன்று ஏணியைப் பிடித்திருந்த பக்கத்துப் பண்ணை ரோண்டா.

“அவரு சோத்துத் தட்டுலயா கை வைக்கச் சொல்ற?”

“பாஸத்துக்குப் பாலம் போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத.”

நேற்று மாலை ஆண் வந்து கத்தியபோது, பொந்திலிருந்து வரவேண்டிய பெட்டை முன்னதாகவே வெளியே, ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. க்ளெம் ரோண்டாவை அழைத்துவந்து ஏணியில் ஏறினார். தகரத்தில் ஒரு கீறல் இல்லை. அதற்கு மேலே, சவுக்கங்கிளை உரசும் இடத்திலிருந்து பொந்து வரை நகத்தடங்கள்.

“இருக்கா?”

“ஓடுதான் இருக்கு.”

ரோண்டா கேலி பேசவில்லை. “அடுத்த வருஷம் வைக்கும்ப்பா.”

“அதுங்க வைக்கும். நான்ல வெட்டியிருக்கணும்.”

இன்று காலை அந்தக் கிளையை அறுத்தார். கீழே விழவிடாமல் கயிற்றில் கட்டி இறக்கினார். பின்னர் தோளில் சுமந்துபோய், மாப்பிள்ளை வழக்கமாக உண்ணும் சவுக்கின்மேல் ஏணி சாத்தி ஏறி, காய்கள் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி உச்சிக் கவட்டில் வைத்து, வேலிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.